நாலா?

மோல்மீன் ஆற்றங்கரைத் தெருவில்
எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே
கூன்யா கடை வைத்திருக்கும் வீரபாகு,
இருபத்திரண்டு வருஷமாய் எங்களுக்கு ஆள் அனுப்புகிறவர்,
இன்று தானே வந்திருந்தார்
கன்னத்தில் துண்டை அழுத்திக்கொண்டு.

அட்டையில் எழுதுவது என் வேலை.
சர்க்கரை உண்டா? இல்லை.
காலையில் சாப்பிட்டீங்களா? மொஹிங்கா, அரைக் கோப்பை.
நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை?
இல்லை, இல்லை.
அந்த இரண்டாவது இல்லை
கொஞ்சம் வேகமாக வந்தது.
சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது
வெள்ளித்தாளின் ஒரு மூலை.
ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று.
"சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்க" என்றார்.
சொல்லாவிட்டால்
நாளைக் காலை தலையணை சொல்லியிருக்கும்.

டாக்டர் நிலார் வின் கோபிக்கவில்லை.
நெஞ்சு டாக்டருக்குப் போன் போட்டார்.
அந்தப் பக்கம் சளி கட்டிய குரல்:
மாத்திரையை நிறுத்த வேண்டாம்,
பஞ்சைக் கூட வை, தையல் போடு.
அவ்வளவுதான்.
இதற்கா மூன்று வாரம் வலியை வாயில் வைத்திருந்தார்?

ஊசி போட்டுக் காத்திருந்தோம்.
உதடு தடித்து ஊரான் உதடு ஆனது.
ஈறைக் குத்திப் பார்த்து டாக்டர் கேட்டார்:
"நாலா?"
மனுஷர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
"நாலா? ஒண்ணுன்னுதானே சொன்னீங்க!"

பிறந்ததிலிருந்து பர்மியம் பேசுகிற ஆள்.
பர்மியத்தில் கடன் வசூலிப்பார், சண்டை போடுவார்.
பயத்தில் காது மட்டும்
தமிழாகிவிட்டது.
வலிக்குதான்னு கேட்கிறாங்க அண்ணே, என்றேன்.
டாக்டருக்கும் மொழிபெயர்த்தேன்.
இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அழுத்தம் தெரியும், ஆட்டுவது தெரியும்,
மண்டைக்குள் கரும்பு ஒடிகிற சத்தம் கேட்கும்.
சத்தம் வலி இல்லை.
வலித்தால் இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுவோம்.
பாதியில் கரண்ட் போனது.
என் போன் வெளிச்சத்தில்
வெற்றிலைச் சிவப்பேறிய கடைவாய்ப் பல்
மூன்று வேரோடு தட்டில் விழுந்தது,
சின்ன முக்காலி ஒன்று கவிழ்ந்ததுபோல.
இடது கை
கடைசி வரை நாற்காலியை விடவில்லை.

பஞ்சைக் கடித்திருந்தவரிடம் நான் மட்டும் பேசினேன்.
அரை மணி நேரம் கடித்தபடியே இருங்க,
எடுத்தெடுத்துப் பார்க்காதீங்க.
குழியில் ரத்தம் உறையும்,
பால்மேல் ஆடை படிகிற மாதிரி.
அழுக்குன்னு நினைச்சுக் கொப்பளிச்சு விரட்டிடாதீங்க,
அதுதான் உள்ளே எலும்புக்குப் போர்வை.
உப்புத் தண்ணி நாளைக்குத்தான்.
டீயை ஆறவைங்க. உறிஞ்ச வேண்டாம். சுருட்டு கூடாது.
துப்பாதீங்க.

கண்ணை அகல விரித்தார்.
வாழ்நாளெல்லாம் துப்பிய மனுஷர்,
தெரு முழுக்கத் துப்ப வைத்த மனுஷர்.
பஞ்சுக்குப் பின்னால் ஏதோ முனகினார்.
விழுங்குங்க, என்றேன்.
எச்சிலோடு ஒரு துளி கலந்தால்
ஒரு வாளி ரத்தம் மாதிரி தெரியும், பயப்படாதீங்க.
பஞ்சு மாத்திக் கடிச்சும் நிக்காம வழிஞ்சா
ராத்திரின்னு பார்க்காம வாங்க.
மூணாம் நாள் குறைய வேண்டிய வலி
கூடினாலும் வாங்க.
கூன்யா?
ஒரு வாரம் கேட்கவே கேட்காதீங்க.

பர்மியக்காரங்களுக்கு நா என்றால் வலி.
நமக்கு நாக்கு.
இன்றிரவு இரண்டும்
ஒரே குழியைத் தேடிப் போகும்.
வலிக்கு மாத்திரை தந்திருக்கு,
நாக்கை நீங்கதான் பிடிச்சு வைக்கணும்.

நாலு நாள் கழித்துத் தெருவைத் தாண்டிப் போனேன்.
சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்,
யாருக்கோ.
கன்னம் வற்றியிருந்தது.
நாலா? என்றேன்.
சிரிக்காமல் நாலு விரலைக் காட்டினார்:
போட்டு நாலு நாளாச்சாம்.

நாலாவது விரல் மட்டும்
சரியாக நிமிரவில்லை.

வாயைத் திறங்க அண்ணே, என்றேன்.